கொட்டை எண்ணிப் பார்த்தால் விளங்கும்: ஏஐ அடுத்த சொல்லை எப்படி எடுக்கிறது?

தை 30, 2025
பருத்தித்துறையிலிருந்து ஒரு ரீச்சர் கேட்டது

தரம் 9 பிள்ளையளுக்கு ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறன். "ரீச்சர், சாட்ஜிபிடி யோசிச்சுத்தானோ எழுதுது?" எண்டு ஒருத்தி கேட்டாள். அடுத்த சொல்லை ஊகிச்சு எழுதுது எண்டன். "அப்ப எப்பிடி ஊகிக்குது?" எண்டாள். நிகழ்தகவு, நியூரல் நெட்வேர்க் எண்டு தொடங்கி பத்து நிமிசத்திலை வகுப்பு முழுக்க நித்திரை. கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான் இது விளங்கும் எண்டு நினைக்கிறன். இல்லை எண்டு சொல்லுறவை எப்பிடி எண்டும் சொல்லுங்கோ.

தை 31

நான் இல்லை என்று சொல்கிறவன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் 14 பிள்ளைகளோடு இதைத்தான் செய்கிறேன். தரம் 7 முதல் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகிறவர்கள் வரை இருக்கிறார்கள். நிகழ்தகவு என்ற சொல்லை முதல் மூன்று கிழமையும் நான் வாயிலேயே எடுக்கவில்லை.

முதலில் நான் விட்ட பிழை. அழகான அசைபடம் ஒன்று செய்து சுவரில் போட்டேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழும், பக்கத்தில் பட்டைகள் ஏறி இறங்கும். பிள்ளைகள் நாடகம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முடிந்ததும் "என்ன விளங்கினது?" என்று கேட்டேன். "வடிவா இருக்கு சேர்" என்றார்கள். இரண்டு மாத உழைப்பு அது.

அடுத்த சனி 62 நெருப்புப்பெட்டியும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டுபோனேன்.

தை 31, இரவு

பெட்டியைப் பற்றி எழுதாமல் நிறுத்திவிட்டேன், கரண்ட் போய்விட்டது.

பிள்ளைகள் வீட்டில் அம்மம்மா, அப்பாச்சி சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் வசனங்களை எழுதிவரவேண்டும். 40 வசனம் சேர்ந்தது. அதில் வேறுவேறான சொற்கள் 62. ஒரு சொல்லுக்கு ஒரு நெருப்புப்பெட்டி. பெட்டிக்கு மேலே அந்தச் சொல். உள்ளே, அந்தச் சொல்லுக்கு அடுத்து வந்த சொற்கள் எத்தனை தடவை வந்தனவோ அத்தனை கொட்டைகள். "புட்டும்" பெட்டிக்குள் பத்து: "மாம்பழமும்" என்பதற்கு 5 புளியங்கொட்டை, "முட்டைப்பொரியலும்" என்பதற்கு 3 மஞ்சாடி, "சொதியும்" என்பதற்கு 2 வேப்பங்கொட்டை. எந்தக் கொட்டை எந்தச் சொல் என்று மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கும். (குண்டுமணி வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு வேண்டாம்.)

பிறகு கண்ணை மூடி ஒரு கொட்டை எடு. அது காட்டும் சொல்லை எழுது. அந்தச் சொல்லின் பெட்டிக்குப் போ. திரும்ப எடு. எடுத்த கொட்டையைத் திருப்பிப் போட மறக்காதே.

இருபது நிமிடத்தில் "அம்மம்மா விடியப் புட்டும் சொதியும் மத்தியானம் மாம்பழமும் தந்தவ" என்று ஒரு வசனம் வந்தது. எந்த அம்மம்மாவும் சொல்லாத வசனம். தரம் 7 பெடியன் ஒருவன் எழும்பி நின்று "சேர், இதை ஆர் எழுதினது?" என்று கேட்டான். அசைபடம் ஓடிய முதல் சனியில் அந்தக் கேள்வி யார் வாயிலும் வரவில்லை.

மாசி 2

இது என் கண்டுபிடிப்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1913 இல் ரஷ்யக் கணிதர் மார்க்கொவ், புஷ்கினின் செய்யுள் ஒன்றில் 20,000 எழுத்தைக் கையால் எண்ணினார். உயிரெழுத்துக்குப் பின் எது வருகிறது, மெய்யெழுத்துக்குப் பின் எது வருகிறது என்று பார்த்தார். 1948 இல் அமெரிக்கக் கணிதர் குளோட் ஷனன், புத்தகத்தை ஏதாவது ஒரு பக்கத்தில் திறந்து, ஒரு சொல்லைத் தேடி, அதற்கு அடுத்த சொல்லைக் குறித்து, அதே வழியில் போலி ஆங்கில வசனம் ஆக்கிக் காட்டினார். ஷனனின் முறையை எங்கள் நிலையத்து வாசிகசாலைப் பழைய பேப்பர்க் கட்டை வைத்தே செய்யலாம். கொட்டைகூடத் தேவையில்லை.

நெருப்புப்பெட்டி யோசனை பிரித்தானிய ஆய்வாளர் டொனால்ட் மிக்கியினுடையது. 1961 இல் அவர் 304 நெருப்புப்பெட்டியும் நிற மணிகளும் வைத்து, வட்டமும் புள்ளடியும் போடும் அந்த மூன்றுக்கு மூன்று கட்ட விளையாட்டைப் "படிக்கும்" ஒன்றைச் செய்தார். தோற்றால் மணியை எடு, வென்றால் மணியைக் கூட்டு. அவ்வளவுதான்.

மாசி 8

இன்று திரையைத் திரும்பக் கொண்டுபோனேன், ஆனால் வேறு மாதிரி. அதே 62 சொல்லையும் ஜாவாஸ்கிரிப்டில் போட்டு, இணையம் இல்லாமலே போனில் திறக்கும் ஒரு பக்கம் செய்தேன். தானாக ஓடும் பொத்தானை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை விரலால் தொடவேண்டும். தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது.

இரண்டு வழி வைத்தேன். "நான் எடுக்கிறன்", "குலுக்கி எடு". அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல்லுக்கும், அதன் கொட்டை எண்ணிக்கைக்கு ஏற்ற நீளத்தில் ஒரு பட்டை நிற்கும். முதல் வழியில் எல்லோரும் நீளமான பட்டையையே தொட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாப் போனிலும் "புட்டும் மாம்பழமும் புட்டும் மாம்பழமும் புட்டும் மாம்பழமும்". ஒருத்தி எரிச்சலில் "இது என்ன, தேய்ஞ்ச இசைத்தட்டு மாதிரி" என்றாள். எப்போதும் கூடியதையே எடுத்தால், சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பவை போன்ற பெரிய மொழி மாதிரிகளும் (மொடல்கள்) இப்படிச் சுழலில் மாட்டும். ஏன் குலுக்கல் தேவை என்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களே அடுத்த பொத்தானுக்குப் போனார்கள்.

மாசி 9

குலுக்கலை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது? துறைக்காரர் இதை வெப்பநிலை என்பார்கள். பௌதிகத்திலிருந்து வந்த பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் குழப்பம்: "போன் சுடுமோ சேர்?" நான் திரையில் ஒரு இழுவைக்கட்டை வைத்தேன். பெயரை அவர்களே வைத்தார்கள்: குழப்படிக்கட்டை. வலப்பக்கம் இழுக்க இழுக்கக் குழப்படி கூடும். இதைவிட நல்ல பெயரை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

கொட்டையிலும் இதைக் காட்டலாம். குழப்படியைக் குறைக்க ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்கு. 5, 3, 2 என்பது 25, 9, 4 ஆகும். மொத்தம் 38. பாதியாக இருந்த மாம்பழம் இப்போது மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட. கூட்டவேண்டுமென்றால் வர்க்கமூலம். அப்போது நூறுக்கு 42, 32, 26 என்று வரும், சொதிக்கும் வாழ்வு கிடைக்கும். ஓஎல் பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டார்கள். ரீச்சர், கணக்கு கடைசியில் வந்துதான் சேர்ந்தது. கையில் இருந்த கொட்டைக்கு ஒரு கணக்குத் தேவைப்பட்டபோது வந்தது, அதனால் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

மாசி 11

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வெப்பநிலையை மாதிரி உண்மையில் கையாள்வது பெருக்கி அல்ல. சொற்களுக்கு அது முதலில் கொடுக்கும் புள்ளிகளை ஒரு எண்ணால் பிரித்து, அதன்பிறகே பங்குகளாக மாற்றுகிறது. அந்த எண் பாதி (0.5) என்றால், முடிவு நான் சொன்ன வர்க்கக் கணக்கோடு அச்சொட்டாகப் பொருந்தும். 2 என்றால் வர்க்கமூலம். விடை ஒன்றுதான், போகிற பாதை வேறு.

மாசி 15

இன்று நடந்ததை இரண்டு தரம் எழுதி அழித்தேன்.

சாப்பாடு போதும் என்று, சரித்திரக் கொப்பியிலிருந்து வசனம் எடுக்கச் சொல்லியிருந்தேன். "ஆண்டு" என்ற பெட்டிக்குள் பத்துக் கொட்டை விழுந்தன. 1983 க்கு 5, 1981 க்கு 4, 2003 க்கு 1. ஒரு பிள்ளை "யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு" வரை வந்து, கண்ணை மூடி எடுத்தது. 1983. எழுதியும் விட்டது. வடிவான எழுத்தில், பிழையே தெரியாத வசனம்.

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உதைக் குலுக்கிப் பாத்தோ சொல்லுறது? அண்டைக்கு ராத்திரி அந்த நெருப்பை நான் கண்ணாலை கண்டவன்."

அறை அப்படியே நின்றது. 1981 வைகாசி 31 இரவு தொடங்கிய நெருப்பு. 97,000 வரையான நூல்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகள். அந்த ஆண்டை நான் கொட்டைக்குள் போட்டுக் குலுக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "மோனை, பெட்டிக்குத் தெரியாது. உனக்குத் தெரியவேணும்." பிறகு தானே வந்து வாங்கில் இருந்து, அந்த இரவைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தார். பெட்டிகள் மூடியபடி கிடந்தன.

மாசி 16

நேற்றையது இரவு முழுக்க மனதில் ஓடியது. பெட்டி பிழையாகச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, என் பெட்டி கடைசிச் சொல்லை மட்டும் பார்க்கிறது. "நூலகம்" என்ற சொல் முன்னால் வந்ததை அது மறந்துவிட்டது. பெரிய மாதிரிகள் முன்னால் வந்ததை எல்லாம் பார்க்கின்றன, அதனால் இந்த இடத்தில் 1981 க்குப் பெரிய பங்கு கொடுக்கும். இரண்டாவது காரணம் பெரிய மாதிரிக்கும் உண்டு. அதுவும் பங்கு பார்த்துத்தான் எடுக்கிறது. எடுத்தது சரியா என்று எடுக்கும் அந்த இடத்தில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. நன்றாகத் தெரிந்த செய்திக்கும், அரைகுறையாகக் கேள்விப்பட்ட செய்திக்கும் ஒரே குரலில் வசனம் வரும்.

என் திரையிலும் ஒரு பிழை இருந்தது. பட்டைகளுக்கு மேலே "விடை" என்று தலைப்புப் போட்டிருந்தேன். பட்டைக்குப் பக்கத்தில் நூற்றுவீதம். "62% எண்டால் 62% உண்மை" என்று இரண்டு பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தலைப்பை நான்தான் வைத்தேன், அவர்கள் வாசித்ததில் பிழையில்லை. இப்போது அது "அடுத்து வரக்கூடிய சொல்". நூற்றுவீதத்தை எடுத்துவிட்டு, பத்துக் கொட்டைகளின் படம் போட்டிருக்கிறேன். கொட்டையை யாரும் உண்மை என்று வாசிப்பதில்லை.

மாசி 17

"அப்போது முன்னால் வந்த இரண்டு, மூன்று சொல்லையும் பெட்டியில் எழுதினால் போதாதா?" என்று கேட்டவருக்கு: பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 62 சொல் என்றால் இரண்டு சொல் சேர்க்கைக்கு 3,844 பெட்டி. மூன்றுக்கு 238,328. சனசமூக நிலையத்துக்குள் கொள்ளாது. கொண்டாலும் அநேகமான பெட்டிகள் வெறுமையாகவே இருக்கும், 40 வசனத்தில் அந்தச் சேர்க்கைகள் வந்தேயிராது. பெட்டி வழி இங்கே முட்டி நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் உணர்ந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். பெட்டியோடு நிறுத்தினால், "ஏஐ என்பது எண்ணி வைத்த அட்டவணை" என்ற பிழையான எண்ணத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். தை மாதத்தில் நான் அப்படித்தான் அனுப்பினேன்.

மாசி 22

நூல் விளையாட்டு. இதைத் தமிழில் செய்வது ஆங்கிலத்தில் செய்வதைவிட நல்லது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு வரிசையில் நிற்கும். "மாடு வேலியைப் பிரித்து உள்ளே வந்து கத்தரிக்கன்றுகளை மேய்ந்துவிட்டு வெளியே போன…" கடைசியில் நிற்பவளிடம் விகுதி அட்டைகள்: போனது, போனான், போனாள், போனார்கள். எதைத் தூக்குவது என்று அவள் தீர்மானிக்கவேண்டும். தீர்மானிக்க யாரைப் பார்க்கிறாளோ அவருக்குச் சிவப்பு நூலை நீட்டவேண்டும்.

முதலில் பக்கத்தில் நின்ற "வெளியே"க்கு நீட்டினாள். இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வரிசை முழுக்கத் தாண்டி "மாடு"க்கு நீட்டினாள். போனது! "மாடு" அட்டையைக் கழற்றி "பெடியள்" போட்டோம், கையிலிருந்த விகுதி மாறியது. "அக்கா" போட்டபோது வகுப்பே சண்டை: போனாள் மரியாதை இல்லை, போனா, போனவ. அட்டை எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை, உடனே இரண்டு புது அட்டை எழுதினோம்.

2017 இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபோர்மர் அமைப்பின் நடு யோசனை இந்த நூல்தான். ஒவ்வொரு சொல்லும் தனக்கு வேண்டியதைத் தேடி, தனக்கு முன்னால் வந்த சொற்களைப் பார்க்கும், எதை எவ்வளவு பார்ப்பது என்பதையும் பயிற்சியில் கற்றிருக்கும். எழுவாய் தொடக்கத்திலும் வினைமுற்று முடிவிலும் நிற்கும் நம் வசனத்தில் அந்த நூலின் நீளம் கண்ணுக்குத் தெரிகிறது.

மாசி 23

நூல் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே நூல் என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. சாட்ஜிபிடிக்கு முன்னோடியாக 2019 இல் வந்த ஜிபிடி-2 என்ற மாதிரியின் மிகச் சிறிய வடிவத்திலேயே 12 அடுக்கு, ஒவ்வொன்றிலும் நூல் நீட்டும் 12 பகுதி (துறைக்காரர் "தலை" என்பார்கள்), ஆக 144 வகை நூல். எல்லாம் இலக்கணம் பார்ப்பவையும் அல்ல. சிலது என்ன பார்க்கிறது என்று பெயர் சொல்லவே முடியாது. திரையில் ஒரு தடித்த கோட்டைக் காட்டி "இதனால்தான் இந்தச் சொல் வந்தது" என்று சொல்வது வசதியான பொய்.

மாசி 24

கொட்டையைக் கூட்டிக் குறைப்பதற்குப் பதிலாகப் பெரிய மாதிரியில் நடப்பது திருகி திருப்புவது. திருகி என்று நான் சொல்வது மாதிரிக்குள் இருக்கும் ஒரு எண்ணை. பழைய ரேடியோவில் நிலையம் பிடிப்பதுபோல: அடுத்த சொல்லை ஊகிக்கும், உண்மையில் வந்த சொல்லோடு ஒப்பிடும், பிழை கொஞ்சம் குறையும் பக்கமாக எல்லாத் திருகியையும் இம்மி இம்மியாகத் திருப்பும். மேலே சொன்ன சிறிய ஜிபிடி-2 இல் திருகிகள் 12 கோடி 40 இலட்சம். இதைக் கையால் செய்யும் விளையாட்டு எனக்கு இன்னும் சரிவரவில்லை. மூன்று திருகியோடு ஒன்று செய்து பார்த்தேன், பிள்ளைகள் சும்மா திருகி விளையாடினார்கள்.

பங்குனி 1

எழுத்து பற்றி. "மாதிரி எழுத்து எழுத்தாக வாசிக்கிறது" என்று போன கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். பிழை. இன்று கத்தரிக்கோலோடு திருத்தினேன்.

"யாழ்ப்பாணம்" நமக்கு 6 எழுத்து: யா, ழ், ப், பா, ண, ம். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஜே, ஏ, எஃப், எஃப், என், ஏ என்று 6. இதுவரை சமம். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ்ச் சொல் 11 குறிகளாகப் பிரியும். அரவும் (ா) புள்ளியும் தனிக் குறிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம். ஆக 33 பைட். ஆங்கிலத்துக்கு 6 தான். தாள் நாடாவில் 33 கட்டம் கீறி, பக்கத்தில் 6 கட்டம் வைத்ததும் ஒரு பிள்ளை சொன்னது: "எங்கட ஊரை எழுத எங்களுக்கே கூடச் செலவு."

அதன்பின் ஒட்டும் வேலை. அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு துண்டுகளைத் தேடி ஒன்றாக ஒட்டு, திரும்பத் தேடு, திரும்ப ஒட்டு. பிலிப் கேஜ் 1994 இல் கோப்புகளைச் சுருக்கக் கண்ட வழி இது. மாதிரிகளின் சொற்துண்டுகள் பல இப்படித்தான் உருவாகின்றன. எங்கள் 40 வசனத்தில் "க்கு" முதலில் ஒட்டியது, பிறகு "கள்". மாதிரியைப் பயிற்றும் எழுத்துக் குவியலில் தமிழ் குறைவாக இருந்தால் நம் சொற்கள் ஒட்டாமல் சில்லுச்சில்லாகவே கிடக்கும். சில்லு கூடினால் நேரமும் கூடும், மாதிரி ஒரே தடவையில் பார்க்கக்கூடிய இடமும் கெதியாக நிரம்பும்.

பங்குனி 2

திறந்த மூலமாகக் கிடைக்கும் ஒரு பெரிய மாதிரியை மடிக்கணினியில் ஓட்டிப் பட்டைகளைக் காட்டினேன். "அம்மம்மா பக்கத்து வீட்டு ஆக்களோடை" என்று தொடங்கினால் "பேசி" தான் மேலே நிற்கிறது. "கதைச்சு" முதல் பத்துக்குள் இல்லை. "உது எங்கட தமிழ் இல்லை சேர்." எங்கட தமிழில் எழுதியது அந்தக் குவியலில் எவ்வளவு இருக்கும்? "நூலகம்" என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிச் சேர்த்துவருகிறது. ஆனால் வருடினால் (ஸ்கேன் செய்தால்) கிடைப்பது பக்கத்தின் படம்தான். அது எழுத்தாக மாறினால்தான் பெட்டிக்குள் கொட்டையாக விழும். எங்கள் பிள்ளைகளின் 40 வசனத்தில் "கதைச்சு" ஏழு தரம் வந்திருக்கிறது.

பங்குனி 8

பருத்தித்துறை ரீச்சர் தன் வகுப்பில் செய்துவிட்டுத் தகவல் அனுப்பியிருக்கிறா. பெட்டி, குழப்படிக்கட்டை, நூல், மூன்றும் செய்தாவாம். முதலில் கேட்ட அதே பிள்ளை இப்போது கேட்டிருக்கிறாள்: "ரீச்சர், பெட்டிக்குள்ளை கொட்டை போட்டது ஆர்?"

ரீச்சருக்கு விடை தெரிந்திருந்தும் சொல்லவில்லையாம். எல்லாப் பெட்டியையும் கவிழ்த்து வெறுமையாக்கி, "இனி நீங்கள் போடுங்கோ, எந்த வசனம் வேணும் எண்டு நீங்களே தெரிவு செய்யுங்கோ" என்று விட்டிருக்கிறா. இரண்டு பாடவேளை அதில் போய்விட்டது. ஒரு குழு மீன்பிடி வசனம் மட்டும் போட்டது, இன்னொன்று சினிமா. இரண்டு பெட்டிக்கும் ஒரே தொடக்கச் சொல்லைக் கொடுத்துக் குலுக்கினார்களாம்: "அவர் கடலுக்கு…"

நான் இதைச் செய்யவே இல்லை. முதல் நாளிலிருந்து வசனம் எதைப் பற்றி என்று நானே தீர்மானித்தேன், சாப்பாட்டையும் சரித்திரத்தையும். வருகிற சனி எங்கள் பெட்டிகளும் வெறுமையாகும். ஐயாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், "ஆண்டு" பெட்டிக்கு அவர் சொல்லும் வசனங்கள் போகும்.

பங்குனி 9

ரீச்சர், ஒன்று மறந்துபோனேன். புளியங்கொட்டையை வறுத்து வையுங்கோ. வறுக்காவிட்டால் இரண்டு மாதத்தில் வண்டு துளைக்கும், பெட்டியைத் திறந்தால் மாவாகத்தான் கொட்டும்.